படிவத்தில் எழுதாத விலா

முந்தின நாளே குறுஞ்செய்தி வந்தது:
இரண்டு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிட வேண்டாம்,
வாசனைத் திரவியம் வேண்டாம்,
மோதிரமும் கடிகாரமும் வீட்டிலேயே இருக்கட்டும்,
பத்து நிமிடம் முன்னதாக வரவும்.

புளித்த மாவு சூப் இரண்டு கிண்ணம்
புறப்படும்போதுதான் குடித்தேன்.
கடிகாரம் கையிலேயே இருந்தது.
பத்து நிமிடம் முன்னதாகப் போனது மட்டும்
பேருந்தின் புண்ணியம்.

க்டின்யாவில் பிப்ரவரி.
கடல் இருக்கும் திசையில் வெறும் சாம்பல்.
வரவேற்பறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள்.
முகமில்லாத ஓர் ஆள், முன்பக்கம், பின்பக்கம்.
வலிக்கும் இடத்தில் குறி போடுங்கள்.
கழுத்தில் போட்டேன்.
துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிற எல்லோரும்
அங்கேதான் போடுவார்கள்.

எலும்பு முறிவு ஏதேனும்?
இல்லை.
பேனாவுக்குப் பழகிவிட்டது.
நான்கு வருடமாகத் துறைமுக மருத்துவரிடம்
எழுதுகிற இல்லை.

போகுமில் வந்தார்.
விரல்களின் புறங்கையால் கதவுச் சட்டத்தைத் தொட்டு
அதற்கு வணக்கம் சொல்வதுபோல் நின்றார்.
"எனக்குக் கண் தெரியாது, தெக்லா அம்மா,
படிவத்தை நீங்களே படித்துக் காட்டுங்கள்."
படித்தேன்.
'இல்லை'யை மட்டும் கொஞ்சம் சத்தமாக.

"எவ்வளவு கழற்ற மனமோ அவ்வளவு போதும்.
மீதியைப் போர்வை பார்த்துக்கொள்ளும்.
குப்புறப் படுத்ததும் குரல் கொடுங்கள்,
நான் வெளியே நிற்கிறேன்."
நீங்கள் எதற்கு வெளியே, என்று கேட்டுவிட்டேன்.
"நீங்கள் கொஞ்சம் தனியாக இருக்க."

காலுறையைக் கழற்றவில்லை.
குதிகாலில் ஓட்டை.

மேசையின் தலைமாட்டில்
முகம் வைக்க ஒரு வட்டத் துளை.
சிரிப்பு வந்தது.
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்த்தே
கழுத்தைத் தொலைத்தவள்
காசு கொடுத்து மறுபடியும் கீழே பார்க்கிறேன்.
கன்டெய்னர்கள் இல்லை. கப்பல் இல்லை.
இரண்டு கறுப்புச் செருப்புகள்,
ஒன்றின் வார் மட்டும் புதுசு.

தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சொன்னார்:
இப்போது தோள். இப்போது எண்ணெய், சூடாக இருக்கும்.
வலித்தால் பல்லைக் கடிக்க வேண்டாம், சொல்லுங்கள்.
பல்லைக் கடித்தேன்.
"சொல்லுங்கள் என்றேனே."
முதுகு சொல்லிக் கொடுத்திருக்கிறது.

என் இரண்டு கட்டைவிரல் அசைந்தால்
முப்பது டன் எழும்பும்.
அவருடைய இரண்டு கட்டைவிரல்
தோள்பட்டைக்குக் கீழே
ஒரு கொட்டைப்பாக்களவு முடிச்சைப் பிடித்து
அது தானாக இறங்கும்வரை
அவசரமே இல்லாமல் காத்திருந்தன.
வயிற்றில் சூப் உருண்டது, உரக்க.
"நல்ல அடையாளம்" என்றார்.

பிறகு இடப்பக்கம் விலாவில் வந்து நின்றார்.
நிற்பது கேட்டது.

பனி உறைந்த ஏணி.
கடைசி மூன்று படி.
சொல்லியிருந்தால் என்னைக் கீழே இறக்கிவிட்டு
அலுவலகத்தில் ரசீது அடுக்க வைத்திருப்பார்கள்.
இரும்பு வலை கட்டியதுபோல் ஆறு வாரம்
மூச்சை மேலோட்டமாக விட்டுக்கொண்டு
கப்பல் கப்பலாக இறக்கினேன்.
கோணலாகவே ஒட்டிக்கொண்டது.

"இதைச் சுற்றிப் போகவா?"
எப்போது, எப்படி, எதுவும் கேட்கவில்லை.
"படிவம் அலமாரிக்குள் போகிறது," என்றார் கொஞ்சம் கழித்து,
"என்னால் படிக்க முடியாத அலமாரி."

மேலேயே போங்கள், என்றேன்.
மெதுவாக.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது.
என் குறட்டையே என்னை எழுப்பியது.
துளையின் கீழே
தரையில் ஒரு சொட்டு எச்சில். என்னுடையதுதான்.

பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, அப்புறம் எழுந்திருங்கள்.
தண்ணீர் குடியுங்கள்.
நாளை உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கலாம்,
பயப்பட வேண்டாம்.

அடித்துப் போட்டதுபோலத்தான் இருந்தது.
விடியற்காலை ஏணியின் முதல் படியில்
கையுறையைப் பல்லால் இழுத்துச் சரிசெய்தபடி
ஒரு முழு மூச்சு எடுத்துப் பார்த்தேன்.
விலா வரை போனது.
அங்கே கொஞ்சம் நின்றது.
அப்புறம் ஏறினேன்.